ஒரு பிழையும் காட்டாத சந்தை

எனக்குச் சட்டென்று கோபம் வரும். அதைவிடச் சட்டென்று வருவது, நான் செய்ததுதான் சரி என்கிற நினைப்பு. கோபத்தை இந்த வயதில் ஓரளவு அடக்கிவிட்டேன். இரண்டாவதை அடக்கியது நான் இல்லை. எண்பதுகளின் கடைசியில், பாப்பாரப்பட்டிப் பக்கத்துச் சந்தை ஒன்றுக்கு மாதம் ஒருமுறை வந்துபோன ஒரு பெண்.

அப்போது தர்மபுரியில் ஒரு தொண்டு அமைப்பு தொழுநோய்க்குச் சிகிச்சை கொடுத்துவந்தது. அங்கே நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். வீடு பொம்மிடிப் பக்கம். கேழ்வரகும் புளியுமாகக் காலம் தள்ளிய எங்கள் குடும்பத்தில், பெங்களூர் வரை போய் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்த முதல் ஆள் நான்தான். "அது என்னா படிப்பு, டைப்படிக்கறதா?" என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். எரிச்சலாக வரும். இல்லை என்று விளக்கப் போய், கடைசியில் ஆமாம், கொஞ்சம் பெரிய டைப் மிஷின் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

அலுவலகத்தில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். ஏசி போட்டிருந்த ஒரே அறையும் அதற்குத்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எங்கள் மருத்துவ அதிகாரிகூட அப்படித்தான் வருவார். கரண்ட் போனால் அடித்தது அத்தனையும் போய்விடும் என்பதால் பத்துப் பேர் விவரம் அடித்ததும் ஃப்ளாப்பியில் ஏற்றிவைப்பேன். அந்த அறைக்குள் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

நான் வைத்திருந்தது நோயாளிகளின் பட்டியல். ஆளுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு முப்பத்திரண்டு கட்டம். எங்களிடம் இருந்த பழைய மென்பொருள் அதற்குமேல் ஒரு கட்டம்கூடத் தராது. பெயர், ஊர், வயது, எந்த இடத்தில் உணர்ச்சி இல்லை, கண் எப்படி, விரல் எப்படி என்று டாக்டர்கள் கேட்டதை எல்லாம் வைத்ததும் கட்டங்கள் தீர்ந்துவிட்டன. ஆனால் மருந்துக்குத்தான் நிறையக் கட்டம் வேண்டும். நோய் முற்றியவர்களுக்கு இருபத்து நான்கு மாதச் சிகிச்சை. மாதத்துக்கு ஒருநாள் எங்கள் ஆள் முன்னால் நின்று சிவப்பு மாத்திரையை விழுங்க வேண்டும். மற்ற நாளைக்கு உரியதை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம். இருபத்து நான்கு மாதத்துக்கு இருபத்து நான்கு கட்டம் வைக்க எங்கே போவது? நான் ஒரு வழி செய்தேன். மருந்து தொடங்கிய தேதிக்கு ஒரு கட்டம், தவறவிட்ட மாதங்கள் எத்தனை என்பதற்கு ஒரு கட்டம். இந்த இரண்டும் இருந்தால் எத்தனை மாதம் முடிந்தது என்று தெரிந்துவிடும் அல்லவா? மருத்துவ அதிகாரி பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாப்பாரப்பட்டிப் பக்கத்துக்கு ஒரு களப்பணியாளர் இருந்தார். என் வயதுதான். சைக்கிளில் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். அவர் ஒரு பழக்கத்தை உண்டாக்கி வைத்திருந்தார். வீடு தேடிப் போய் மருந்து கொடுக்க மாட்டார். எங்கள் ஆளின் சைக்கிள் ஒரு வாசலில் நின்றாலே அந்த வீட்டில் யாருக்கு என்ன என்று ஊர் பேச ஆரம்பித்துவிடும். அதனால் மாதத்தின் முதல் சந்தை நாளில், சந்தைக்குப் பின்னால் இருந்த புளி குடோன் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். சந்தைக்குப் போகிற பெண்ணை எதற்குப் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. மாத்திரையைப் பையின் அடியில் போட்டு, மேலே வெங்காயத்தைப் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள். மற்ற பகுதிகளில் மாதத்தின் நடுவிலோ கடைசியிலோ, வண்டி கிடைத்த நாளில் கொடுப்போம். இந்த ஒரு சந்தையில் மட்டும் எப்போதும் ஒன்றாம் தேதியிலிருந்து ஏழாம் தேதிக்குள்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

எண்பத்தெட்டின் தொடக்கத்தில் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. பெங்களூரிலிருந்து ஒரு இன்ஜினியர் சட்டைப் பையில் இரண்டு ஃப்ளாப்பிகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். இனி நூற்றுக்கு மேல் கட்டம் வைக்கலாம், தேதியை வெறும் எழுத்தாக இல்லாமல் தேதியாகவே அதற்குப் புரியும் என்றார். பழையதைப் புதியதுக்கு மாற்றும் நிரலை எழுதிக் கொடுத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். ஓட்டியது நான்.

இப்போது இருபத்து நான்கு மாதத்துக்கும் தனித்தனிக் கட்டம் கிடைத்துவிட்டது. ஆனால் அவற்றை நிரப்ப வேண்டுமே. ஒவ்வொரு மாதமும் டிக் போட்ட காகித அட்டைகள் மூட்டை மூட்டையாக அலுவலகத்துக்கு வந்து கிடந்தன. அத்தனையையும் பார்த்து அடிக்க ஒரு வருஷம் ஆகும். அதனால் நிரலே நிரப்பட்டும் என்று முடிவு செய்தோம். தொடங்கிய தேதியிலிருந்து இன்றுவரை மாதத்துக்கு ஒரு டிக், தவறவிட்டதைக் கழித்துக்கொள். அவ்வளவுதான்.

ஓட்டி முடித்துப் பார்த்தால், பாலக்கோட்டுப் பக்கத்துப் பட்டியலில் ஏறக்குறைய எல்லோருக்கும் தேதி காலியாக இருந்தது. மற்ற பகுதிகளிலும் அப்படியே. இன்ஜினியருக்கு டிரங்கால் போட்டேன். "பழைய டேட்டாவுல குப்பை இருக்கும் மேடம், காலியா வந்தத மட்டும் அட்டையப் பாத்து நிரப்பிடுங்க" என்றார். என் டேட்டாவில் குப்பையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மூன்று நாள் உட்கார்ந்து, காலியாக இருந்ததை எல்லாம் அட்டையைப் பார்த்து நிரப்பினேன். அந்த ஒரு சந்தையில் மட்டும் ஒரு காலிகூட இல்லை. அத்தனை பேருக்கும் தேதி ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அந்தக் களப்பணியாளர் வந்தபோது, "உங்க சந்தை மட்டுந்தாங்க ஒரு தப்பும் இல்லாம வந்திருக்குது" என்று பாராட்டினேன். அவருடைய அட்டை மூட்டையை நான் பிரிக்கக்கூட இல்லை.

மார்ச்சில் முதல் முறையாகக் கம்ப்யூட்டரே பட்டியல் போட்டது. சிகிச்சை முடிந்தவர்கள், அந்தச் சந்தையில் பதினோரு பேர். இவர்களுக்கு மருந்தை நிறுத்தி, நோய் தீர்ந்தது என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். களப்பணியாளர் பட்டியலைக் கையில் வாங்கி, ஒரு பெயரின் மேல் விரலை வைத்தார்.

"இந்தம்மாவுக்கு இன்னம் முடியலீங்களே மேடம். இவங்க வந்து சேந்தப்ப நல்ல பனிங்க. போர்வையப் போத்திக்கிட்டு வந்தாங்க. அதுக்கப்பறம் ஒரே ஒரு பனிதான போயிருக்குது?"

"உங்களுக்கு எத்தன பேர ஞாபகம் இருக்கும்? பனியும் மழையும் பாத்தா மருந்து குடுக்கறோம்? கம்ப்யூட்டர்ல தேதி இருக்குதுங்க."

"இல்லீங்க, எனக்கென்னமோ..."

"அட்டைய எடுத்துப் பாக்கணும்னா அந்த மூட்டைய நீங்களே பிரிச்சுத் தேடுங்க."

மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உத்தரம் வரை அடுக்கியிருந்தன. அவர் அதை ஒருமுறை பார்த்தார். என்னையும் பார்த்தார். சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு நான் எழுந்து அந்த அட்டையைத் தேடியிருந்தால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

அந்தச் சந்தைக்கு நானும் போனேன். நான் போட்ட பட்டியல், நான் அச்சடித்த சான்றிதழ், அதை நானே கொடுக்க வேண்டும் என்று ஆசை. போகும் வழியில் அந்தப் பெண்ணைப் பற்றிக் களப்பணியாளர் சொன்னார். முப்பது வயதுகூட ஆகவில்லை. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து கணவர் அவளை வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறார். தட்டும் டம்ளரும் தனி, கொட்டகையின் ஆணியில் தொங்கும். குழந்தையைத் தொடக்கூடாது. மருந்து ஆரம்பித்த சில நாளிலேயே நோய் மற்றவர்களுக்குத் தொற்றாது என்று களப்பணியாளர் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறார். கணவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஒரே பதில்தான் சொல்வாராம். "ஆபீசுல இருந்து காயிதம் வரட்டுங்க. வந்த அன்னிக்கே வூட்டுக்குள்ள கூப்புட்டுக்கறேன்."

புளி குடோன் ஓரத்தில் அவள் வந்து நின்றாள். மருந்தினால் முகம் கறுத்திருந்தது. சிவப்பு மாத்திரைக்குக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையில் சான்றிதழை வைத்தேன்.

"முடிஞ்சிருச்சுங்க. இனிமே மாத்திர வேண்டாம். நல்லாயிட்டீங்க," என்று சொல்லிச் சிரித்தேன்.

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெங்காயம் வாங்கவில்லை, எதுவும் வாங்கவில்லை. வெறும் பையோடு வேகமாக நடந்து போனாள். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் நான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

ஜூனில் மருத்துவ அதிகாரி ஒரு அறிக்கை கேட்டார். எந்த மாதத்தில் எத்தனை பேர் சிகிச்சைக்கு வந்து சேர்கிறார்கள் என்று பகுதிவாரியாக. அச்சடித்துக் கொடுத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவர் கேட்டார். "அந்தச் சந்தையில ஏன் ஜூலைக்கு மேல ஒருத்தர்கூட வரல? அஞ்சு வருஷமாவா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். ஜனவரியிலிருந்து ஜூலைக்குள்தான் எல்லோரும் சேர்ந்திருந்தார்கள். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை ஒரு ஆள்கூட இல்லை. தேதிகளைப் பார்த்தேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்றெல்லாம் இருந்தது. அந்த நாட்களில் களப்பணியாளர் மருந்தே கொடுப்பதில்லை. ஒன்று முதல் ஏழுக்குள் கொடுக்கிறவர்.

நாம் நாளை முதலில் எழுதுகிறோம், மாதத்தை அடுத்து. மென்பொருளைச் செய்தவர்கள் அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுகிறவர்கள். பழைய பதிப்பு நான் அடித்ததை வெறும் எழுத்தாக அப்படியே வைத்திருந்தது. புதியது அதைத் தேதியாக வாசித்தது, அவர்கள் வழக்கப்படி. பாலக்கோட்டில் பதினைந்தாம் தேதி சேர்ந்தவரைப் பதினைந்தாவது மாதம் என்று வாசித்து, அப்படி ஒரு மாதமே இல்லையே என்று காலியாக விட்டது. அந்தச் சந்தையில் நாள் ஏழைத் தாண்டவே தாண்டாது. அதனால் எதைக் கொடுத்தாலும் அது ஒரு மாதமாகத்தான் தெரிந்தது. டிசம்பர் இரண்டாம் தேதி அதே வருஷம் பிப்ரவரி பன்னிரண்டு ஆனது, பத்து மாதம் முன்னால். ஒரு முனகலும் இல்லாமல் மாற்றிக்கொண்டு, கட்டங்களில் டிக் போட்டுக்கொண்டே போய்விட்டது. அவள் விழுங்காத மாத்திரைகளுக்கு எல்லாம் டிக்.

மூட்டையைப் பிரித்தேன். அவள் அட்டை இருந்தது. எண்பத்தாறு டிசம்பர் இரண்டு. பதினைந்து டிக். இன்னும் ஒன்பது மாத மருந்து பாக்கி. பாதியில் விட்டால் நோய் திரும்ப வரும், விரல் போகும், கண் போகும். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதம் மருந்தில்லாமல் போயிருந்தது.

கம்ப்யூட்டரில் அதைச் சரிசெய்ய எனக்கு ஒரே வரி போதுமாக இருந்தது. நாளையும் மாதத்தையும் இடம் மாற்று என்று அடித்தேன். சந்தை முழுவதும் சரியாகிவிட்டது. அந்த வரியை அடித்துவிட்டு நான் அழுதேன். களப்பணியாளர் என்னைத் திட்டியிருக்கலாம். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவர், "தண்ணி குடிங்க மேடம், அவுங்களப் போய்ப் பாக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

பதினோரு பேரில் நாலு பேருக்கு உண்மையாகவே சிகிச்சை முடிந்திருந்தது. மீதி ஏழு பேரில் ஆறு பேர் சந்தையிலேயே கண்ணில் பட்டார்கள். முணுமுணுத்தார்கள், ஆனாலும் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனார்கள். அவள் வரவில்லை. நோய் தீர்ந்தவள் எதற்கு அந்தச் சந்தைக்கு வரப் போகிறாள்? வீட்டுக்குத்தான் போக வேண்டும். கொடுத்த சான்றிதழையும் திரும்ப வாங்கிவர வேண்டும், தவறான தேதியில் ஒன்று வெளியே இருக்கக்கூடாது என்று மருத்துவ அதிகாரி உத்தரவு போட்டிருந்தார். கணவர் காட்டு வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், அவளிடம் மட்டும் காதோடு சொல்லிவிடலாம் என்பது நாங்கள் போட்ட திட்டம்.

சைக்கிளை ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் விட்டுவிட்டு நடந்தே போனோம். வாசலில் நின்றதும் உள்ளே அடுப்படியில் அவள் தெரிந்தாள். களி கிண்டிக்கொண்டிருந்தாள். குழந்தை முதுகில் தொங்கிக்கொண்டு, கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்தில் முகத்தின் கறுப்பு கொஞ்சம் வெளுத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, "வாங்க மேடம், உள்ள வாங்க" என்று ஓடிவந்தாள். அவள் குரலைக் கேட்டு அவளுக்குப் பின்னாலேயே கணவரும் வந்தார். அன்று அவர் காட்டுக்குப் போகவில்லை.

என்ன சொல்லலாம், எப்படிப் பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் நான் அச்சடித்த சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. களப்பணியாளர்தான் சொன்னார். தேதியில் ஒரு தவறு நடந்துவிட்டது, இன்னும் ஒன்பது மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை என்று. அவர் சொல்லச் சொல்ல, கணவர் குழந்தையை அவள் முதுகிலிருந்து பிரித்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். வேண்டுமென்று செய்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. கை தானாகப் போனது.

அதைப் பார்த்துத்தான் நான் வாயைத் திறந்தேன்.

"இவங்களால யாருக்கும் ஒட்டாதுங்க. மருந்து உள்ள போயிருச்சு. பதினஞ்சு மாசம் சாப்புட்டிருக்காங்க. வூட்டுலயே இருக்கலாம், கொழந்தையத் தூக்கலாம். இது சத்தியங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது வரும். அவர் நிதானமாகக் கேட்டார்.

"அன்னிக்கு முடிஞ்சிருச்சுன்னு காயிதம் குடுத்தீங்க. நம்புனங்க. இன்னிக்கு முடியலீன்றீங்க. அதயும் நம்பறன். இப்ப ஒட்டாதுன்றீங்க. இன்னம் மூணு மாசம் கழிச்சு வந்து அதுவும் தப்புன்னு சொல்ல மாட்டீங்களா? பச்சப்புள்ளைங்க இது. நான் எதங்க நம்பறது?"

நாங்கள் சொன்னவற்றில் ஒட்டாது என்ற ஒன்றுதான் முதலிலிருந்தே முழு உண்மை. அந்த ஒன்றை நம்ப வைக்க எங்களிடம் எதுவும் மிச்சமில்லை. மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது என்றேன். டாக்டரையே கூட்டி வருகிறேன் என்றேன். பிறகு மருத்துவ அதிகாரியும் போய்ப் பேசினார். எல்லோருக்கும் அதே கேள்விதான் கிடைத்தது.

அன்று கணவர் உள்ளே போய்ச் சான்றிதழைக் கண்ணாடியோடு கழற்றிக்கொண்டு வந்தார். துண்டால் துடைத்து என் கையில் கொடுத்தார். அவள் களியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தாள். மாடத்திலிருந்து ஒரு தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே பின்பக்கம் நடந்தாள். குழந்தை "ம்மா" என்று கையை நீட்டி அழுதது. அவர் அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நின்றார், அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நாங்கள் மாத்திரையைக் கொட்டகையின் திண்டில் வைத்துவிட்டுத் திரும்பினோம். திரும்பும் வழியெல்லாம் அந்தக் கண்ணாடிச் சட்டம் என் மடியில் இருந்தது.

அடுத்த மாதத்திலிருந்து அவள் ஒன்றுகூடத் தவறாமல் சந்தைக்கு வந்தாள். களப்பணியாளர் ஒவ்வொரு முறையும் வந்து சொல்வார், நான் கட்டத்தில் டிக் போடுவேன். இந்த முறை ஒவ்வொரு டிக்கையும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் போட்டேன். வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று கேட்பேன். கொட்டகையில்தான் என்பார். குழந்தை இப்போதெல்லாம் அழுவதில்லையாம், அப்பாவிடமே தூங்கிவிடுகிறதாம். கேட்பதை நிறுத்திவிட்டேன்.

அடுத்த மார்ச்சில் இரண்டாவது சான்றிதழை அச்சடித்தேன். அதைக் களப்பணியாளர் கையில் கொடுத்தனுப்பியிருக்கலாம். ஆனால் அப்படி ஒளிந்துகொள்ளக் கூசியது. அதே புளி குடோன் ஓரத்தில் போய் நின்றேன். அவள் வந்தாள், பழையபடி முகம் கறுத்திருந்தது. கையில் கொடுத்தேன். முடிஞ்சிருச்சுங்க என்றேன். அவள் காகிதத்தைக் கண்ணில் ஒற்றவில்லை. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"இது நெசந்தானுங்களா மேடம்?"

"நெசந்தாங்க. அட்டையப் பாத்து நானே எண்ணுனேன். இருவத்து நாலும் ஆயிருச்சு." தைரியம் கொடுப்பதாக நினைத்து, அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"போன தடவயும் இப்பிடித்தாங்க சிரிச்சீங்க," என்றாள். காகிதத்தைப் பையின் அடியில் போட்டுவிட்டு, வெங்காயம் வாங்கப் போனாள்.